கேக் செய்முறை யாருக்குச் சொந்தம்?

இன்னைக்கு எபிசோடுல ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். ஒரு கேக் செய்முறைக்குச் சொந்தக்காரங்க யாரு? கண்டுபிடிச்சவங்களா, எழுதினவங்களா, இல்ல நல்லா செஞ்சு விக்கிறவங்களா?

கேள்வி எங்கிருந்து வந்துச்சுன்னா, எனக்கு ஒரு அக்கா இருக்காங்க, பெரியம்மா மகள். மார்த்தாண்டம் பக்கம் வீட்டுலயே கேக் செஞ்சு விக்கிறாங்க. சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி போட்டுச் செய்யுற பிளம் கேக்தான் அவங்க ஸ்பெஷல். போன டிசம்பர்ல வெளியூர்ல ஒருத்தர் அக்கா எடுத்த கேக் படத்தையும், அக்கா எழுதின செய்முறையையும் வரி விடாம எடுத்து, 'ஆன்லைன் வகுப்பு'ன்னு காசுக்கு வித்துட்டு இருந்தாரு. அது கூட பெருசில்ல. அக்காவோட ஒரு வாடிக்கையாளர் போன் பண்ணி, "இது அவங்க கேக் மாதிரியே இருக்கே, நீங்க அங்க பாத்துதான் செய்யுறீங்களா?"ன்னு கேட்டுட்டாங்க. அக்கா என்கிட்ட சொன்னது இதுதான்: "செய்முறை போனா போவட்டும்லே. நான்தான் களவாணின்னு ஆயிட்டேன், பாத்தியா?"

அதனால இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம். நான் வக்கீல் இல்ல, கோடு எழுதுறவன். ஆனா இந்த விஷயத்துல கோடு எழுதுறவனுக்கும் கேக் சுடுறவங்களுக்கும் ஒரே சட்டம்தான். 1957-ஆம் வருஷத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துல 'இலக்கியப் படைப்பு'ங்கிற சொல்லுக்குள்ள கம்ப்யூட்டர் புரோகிராமும் வருது. நான் எழுதுற புரோகிராமும், அக்கா எழுதுற செய்முறைக் குறிப்பும், ஒரு நாவலும் ஒரே பெட்டிக்குள்ளதான் இருக்கு.

அந்தப் பெட்டிக்கு ஒரு முக்கியமான விதி. யோசனைக்குப் பாதுகாப்பு கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் பாதுகாப்பு. 1978-ல உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்குல இதைத் தெளிவாச் சொல்லிருச்சு. அவர் எழுதின நாடகத்தோட கருவை எடுத்து 'நியூ டெல்லி'ன்னு ஒரு இந்திப் படம் எடுத்துட்டாங்கன்னு வழக்கு. கரு ஒண்ணா இருக்கலாம், அதைக் கையாண்ட விதம் வேறன்னு சொல்லி நீதிமன்றம் அவருக்கு எதிராத்தான் தீர்ப்பு கொடுத்துச்சு.

இதைக் கேக்குக்குக் கொண்டு வாங்க. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் சம எடை. இதுதான் பவுண்டு கேக். ஒவ்வொண்ணும் ஒரு பவுண்டு போட்டதாலதான் அந்தப் பேரே. இந்தக் கணக்கு யாருக்கும் சொந்தமில்ல, சொந்தமாக்கவும் முடியாது. அமெரிக்காவுல 1996-ல தயிர் வச்சுச் செய்யுற சமையல் குறிப்புகளைப் பத்தி ஒரு வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பொருள் பட்டியலும் வெறும் செயல்முறையும் பதிப்புரிமைக்குள்ள வராதுன்னுதான் அங்கயும் சொன்னாங்க. ஆனா, "கருப்பட்டியைக் காய்ச்சும்போது நுரை அடங்கி, கரண்டியில இருந்து நூலா விழுறதுக்கு முன்னாடி இறக்குங்க, நூல் விழுந்துச்சுன்னா கேக் கட்டியாப் போகும்"னு அக்கா எழுதின மாதிரி வாக்கியங்கள் இருக்கு பாருங்க, அது அக்காவோட எழுத்து. அதை வரி விடாம எடுத்தா, அது தப்பு. அதே விஷயத்தை ஒருத்தர் தானே செஞ்சு பார்த்து, தன் சொல்லுல எழுதினா, அது தப்பில்ல. எங்க தொழில்ல சொல்லணும்னா, அல்காரிதம் எல்லாருக்கும் பொது, கோடுதான் உங்களோடது.

நல்ல உதாரணம் நம்ம தமிழ்லயே இருக்கு. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதின 'சமைத்துப் பார்'. 1951-ல வந்துச்சு. இளம் வயசுலயே கணவரை இழந்து, குடும்பப் பொறுப்பைச் சுமந்தவங்க. அவங்ககிட்ட குறிப்பு கேட்டு ஆளுங்க எழுதிக்கிட்டே இருந்ததைப் பார்த்து, மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர்தான் புத்தகமாப் போடச் சொன்னாரு. சாம்பாரையோ ரசத்தையோ அவங்க கண்டுபிடிக்கல. அது ஒவ்வொரு வீட்டுலயும் இருந்ததுதான். "கொஞ்சம் போடு, பாத்துப் போடு"ன்னு வாயால சொல்லிட்டு வந்ததுக்கு அளவு வச்சு, வரிசை வச்சு, அடுப்படியில தனியா நிக்கிற ஒரு புதுப் பொண்ணுக்குப் புரியுற மாதிரி எழுதினாங்க. அந்த எழுத்து அவங்களோட சொத்து. அவங்க குடும்பம் தலைமுறையா அந்தப் புத்தகத்தைப் பதிப்பிச்சிட்டு வந்தாங்க. சட்டப்படி எழுதினவங்க காலத்துக்குப் பிறகு 60 வருஷம் அந்த உரிமை நிக்கும். அம்மாள் 1962-ல காலமானாங்க. அதனால அவங்க கையால எழுதின மூலத்துக்கு 2022 முடிய கணக்கு. பிறகு வந்த மொழிபெயர்ப்பு, சேர்த்த பகுதி எல்லாத்துக்கும் தனித்தனிக் கணக்கு.

வீட்டுச் சமையல்ங்கிறது 'எல்லாருக்கும் தெரிஞ்ச வேலை', அதனால கூலியும் இல்ல, பேரும் இல்லைன்னு நினைக்கிறோம் இல்லையா? அதை எழுத்தா மாத்தின உடனே, அதுக்கு ஒரு சொந்தக்காரி வந்துடுறா. இது சின்ன விஷயம் இல்ல.

இப்ப எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். எல்லாத்தையும் பூட்டி வச்சா சமையலே வளராது. இந்தியாவோட முதல் கிறிஸ்துமஸ் கேக் கதை நிறையப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1883, தலச்சேரி. பர்மாவுல பிஸ்கட் தொழில் பார்த்துட்டு வந்த மாம்பள்ளி பாப்பு அங்க பேக்கரி வச்சிருந்தாரு. மர்டாக் பிரவுன்ங்கிற தோட்ட முதலாளி இங்கிலாந்துல இருந்து கொண்டு வந்த கேக்கைக் காட்டி, இதே மாதிரி செஞ்சு கொடு, பிராந்தியை மாஹேயில வாங்கிக்கோன்னு சொன்னாராம். பாப்பு பிராந்தி வாங்கல. முந்திரிப் பழமும் கதளிப் பழமும் போட்டு ஊறின உள்ளூர்ச் சாராயத்தை ஊத்திச் செஞ்சாருன்னு சொல்லுவாங்க. அது காப்பியா, புதுசா? ரெண்டும்தான். இன்னைக்கு களியக்காவிளையில இருந்து கன்னியாகுமரி வரைக்கும் டிசம்பர்ல மணக்குற பிளம் கேக்குக்கும் அக்காவோட கருப்பட்டி கேக்குக்கும் அதே பரம்பரைதான்.

நம்ம முந்திரிக்கொத்தையே எடுங்க. சிறுபயறை வறுத்துப் பொடிச்சு, பாகுல உருட்டி, மாவுல முக்கிப் பொரிக்கிறோம். பேருல முந்திரி இருக்கு, உள்ள முந்திரி இல்ல. அது எந்தப் பாட்டியோட சொத்து? யாருக்கும் இல்ல, எல்லாருக்கும்தான். இப்படி ஒரு ஊருக்கே சொந்தமானதுக்குச் சட்டத்துல வேற ஒரு வழி இருக்கு, புவிசார் குறியீடு. நம்ம கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல கிடைச்சுது. அது தனி ஆளுக்கு இல்ல, அந்த ஊரு விவசாயிகளுக்கு.

சரி, வீட்டுல கேக் சுடுற ஒருத்தங்க நடைமுறையில என்ன செய்யலாம்? அக்காவுக்காக நான் தேடிப் பிடிச்சதைச் சொல்றேன்.

முதல்ல படம். நீங்க எடுத்த படம் எடுத்த நொடியிலயே உங்களோடது. பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல. ஆனா கல்யாண வீட்டுக்காரங்க காசு கொடுத்து வச்ச போட்டோகிராபர் உங்க கேக்கைப் படம் எடுத்தா, வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் அந்தப் படம் கல்யாண வீட்டுக்காரங்களோடது. அதனால டெலிவரிக்கு முன்னாடி சொந்தமா ரெண்டு படம் எடுத்துடுங்க. மூலப் படத்தை அழிக்காதீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா எடுத்த தேதி, நேரம் எல்லாம் படத்துல இருந்து கழண்டுடும். மூலம்தான் சாட்சி.

ரெண்டாவது, எழுத்து. செய்முறையைத் தேதியோட எழுதி வைங்க. மாத்தினா பழசை அடிக்காம, புதுசைக் கீழ எழுதுங்க. நாங்க கோடுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரலாறு வைக்கிற மாதிரி. பதிப்புரிமை அலுவலகத்துல பதியணும்னா ஒரு எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபா.

மூணாவது, புகார். நம்ம சட்டத்துல 52-ஆம் பிரிவுல ஒரு வசதி இருக்கு. உங்க படைப்பை வச்சிருக்கிற தளத்துக்கு எழுத்துல புகார் கொடுத்தா, 36 மணி நேரத்துக்குள்ள அதை முடக்கணும். 21 நாள் வரைக்கும் முடக்கி வைப்பாங்க, அதுக்குள்ள நீங்க நீதிமன்ற உத்தரவு வாங்கணும். இல்லைன்னா திரும்பத் திறந்துடலாம்.

நாலாவது, பேரு. செய்முறையைப் பூட்ட முடியாது, ஆனா கடைப் பேரைப் பூட்டலாம். வர்த்தக முத்திரைக்குத் தனி நபர் ஆன்லைன்ல விண்ணப்பிச்சா ஒரு வகுப்புக்கு 4,500 ரூபா. கேக், ரொட்டி எல்லாம் 30-ஆம் வகுப்பு. வீட்டுல இருந்து வித்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேணும்ங்கிறதையும் மறக்காதீங்க. அந்த 14 இலக்க எண் டப்பா மேல இருந்தா வாங்குறவங்களுக்கும் நம்பிக்கை.

அஞ்சாவது, வாயை மூடுறது. நிஜமாவே உங்க ரகசியம் ஒண்ணு இருந்தா, அதை எழுதவே எழுதாதீங்க. சொல்லாத வரைக்கும்தான் அது ரகசியம்.

அக்கா புகார் கொடுத்தாங்க. மூணாவது நாள் படமும் எழுத்தும் போயிடுச்சு. ஆனா கருப்பட்டி பிளம் கேக்ங்கிற யோசனையை அந்த ஆளு இப்பவும் விக்கிறாரு. வேற படம், வேற வார்த்தை. அதைத் தடுக்க வழியில்ல. இதை நான் அக்காகிட்ட சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாங்க, "செரி, அவன் செய்யட்டும். எனக்கு 24-ஆம் தேதி முப்பது கேக் கொடுக்கணும். அதுக்கு வழி சொல்லு."

அந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஏன்னா யாரும் திருட முடியாதது அந்தக் கணக்குதான். சேர்ந்து உக்காந்து போட்டோம். அக்காவோட ஓவன்ல ஒரு கிலோ டின் ரெண்டு வைக்கலாம். சூடாக்கி, சுட்டு, எடுத்து வைக்க ஒரு ஈடுக்கு ஒன்றரை மணி நேரம். முப்பது கேக்குன்னா பதினஞ்சு ஈடு, இருபத்திரண்டரை மணி நேரம். ஒரு நாளைக்கு மூணு ஈடுக்கு மேல வேண்டாம்னு வச்சா அஞ்சு நாள். பிளம் கேக் வச்சிருந்தா ருசி கூடும், அதனால 17-ல தொடங்கி 21-ல முடிக்கலாம். கிரீம் கேக் மட்டும் கடைசி நாளுக்கு. மாவைக் கலந்து வச்சுட்டு ஓவனுக்காகக் காத்திருக்கக் கூடாது, பேக்கிங் பவுடரோட வேகம் போயிடும். அதனால ஒரு ஈடு உள்ள போன பிறகுதான் அடுத்ததைக் கலக்குறது. பழம் நறுக்கி ஊறப் போடுறதெல்லாம் நவம்பர்லயே.

ஆனா கணக்குல ஒண்ணு விட்டுப் போயிருந்துச்சு: அந்த அஞ்சு நாள் வீட்டுல யாரு சமைக்கிறது? ஊருக்கெல்லாம் கேக் போகுது, பிள்ளைங்க கடை புரோட்டா தின்னுது. இதுதான் போன வருஷ நிலைமை. அதனால சாப்பாட்டையும் அதே தாள்ல எழுதினோம். முதல் நாள் ஆப்ப மாவும் தோசை மாவும் மொத்தமா அரைச்சா மூணு நாள் காலையும் ராத்திரியும் தாங்கும். தேங்காயை நல்லா வறுத்து அரைச்ச தீயல் மறுநாளும் நிக்கும். மண்சட்டியில வச்ச மீன்குழம்பு மறுநாள்தான் ருசியே, கூட அவிச்ச மரச்சீனி. ஒரு ராத்திரி கஞ்சியும் சிறுபயறும். அவியல் அந்த வாரம் கிடையாது, அது நிக்காது. ஒரு நாள் அத்தான் பொறுப்பு. அந்த வரியை அக்காவே பேனாவால தடிமனா எழுதினாங்க.

அந்தத் தாளைப் பார்த்ததும் இன்னொண்ணும் தெரிஞ்சுது. விலை போடும்போது அக்கா மாவு, முட்டை, முந்திரி, டப்பா எல்லாம் எழுதியிருந்தாங்க. அவங்க நேரத்துக்கு ஒரு ரூபா கூட எழுதல. இந்த வருஷம் எழுதியிருக்காங்க. ரெண்டு பேரு விலை கூடுதல்னு விலகிட்டாங்க, மத்தவங்க வாங்குறாங்க.

மக்களே, உங்க வீட்டுலயும் இப்படி ஒரு அக்காவோ அம்மாவோ இருந்தா, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. அவங்க செய்முறை ஒண்ணை அவங்க சொல்லச் சொல்ல, அதே வார்த்தையில, தேதி போட்டு எழுதி, கீழ அவங்க பேரை எழுதுங்க. உங்க பேரை இல்ல, அவங்க பேரை. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.