வீட்டு இணையப் பெட்டிகள்: தெரிந்திருக்க வேண்டிய சில சொற்கள்



ரொறன்ரோவில் எம்மவர் வீடுகளுக்குப் போய்க் கணினியும் இணையமும் பொருத்திக் கொடுப்பது எனது தொழில். எங்கு போனாலும் ஒரே முறைப்பாடுதான்: "தம்பி, வைஃபை வேலை செய்யுதில்லை." அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து விசயங்கள் இருக்கின்றன. எது பழுது என்று பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால், பிள்ளை வேலையால் வரும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது தொலைபேசியில் விற்பனையாளர் சொல்வதை நம்ப வேண்டும்.

முதலாவது மோடம். தெருவிலிருந்து வரும் இணைப்பு வந்து சேரும் பெட்டி இது. இரண்டாவது றூட்டர். வந்த இணையத்தை வீட்டிலுள்ள கணினி, கைத்தொலைபேசி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. வைஃபை என்பது றூட்டருக்கும் உங்கள் தொலைபேசிக்கும் இடையிலுள்ள வானொலி அலை மட்டுமே. இப்போது நிறுவனங்கள் தரும் பல பெட்டிகளில் மோடமும் றூட்டரும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால்தான் குழப்பம்.

குறை எங்கே என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. கணினியை றூட்டரோடு கம்பியால் இணைத்துப் பாருங்கள். கம்பியில் நன்றாக ஓடி, வைஃபையில் மட்டும் இழுபட்டால் குறை வீட்டுக்குள். கம்பியிலும் மெதுவாக இருந்தால் நிறுவனத்தைக் கேளுங்கள்.

மகன் வீட்டுப் பேஸ்மென்றில் இருக்கும் ஒரு அம்மா, யாழ்ப்பாணத்திலுள்ள தமக்கையோடு வீடியோவில் கதைக்கும்போது படம் அடிக்கடி நின்றுவிடும். நிறுவனம் கூடிய வேகத் திட்டத்தை விற்றது. காசு கூடியது, படம் நின்றபடிதான். போய்ப் பார்த்தால் றூட்டர் மேல்மாடியில், இரும்பு அலுமாரிக்குள்! வெளியே எடுத்து, வீட்டின் நடுவில் உயரமாக வைத்தோம். சரியாகிவிட்டது. பழைய திட்டத்துக்கே திரும்பினார்கள்.

அடுத்து இரண்டு இலக்கங்கள்: 2.4, 5. இவை கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைகள். 5 வேகமானது, ஆனால் சுவர்களைக் கடக்கும்போது விரைவில் பலம் இழக்கும். 2.4 வேகம் குறைவு, தூரம் கூடப் போகும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது இதுதான் தடங்கலாகும். பேஸ்மென்றில் 2.4ஐத் தெரிவு செய்து பாருங்கள். வைஃபைப் பெயரின் கடைசியில் "5ஜி" என்றிருந்தால் அது பெரும்பாலும் இந்த 5 கிகாஹேர்ட்ஸ்தான், கைத்தொலைபேசியின் 5ஜி அல்ல.

விளம்பரத்தில் வரும் வேகம் மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். ஒரு வீடியோ அழைப்புக்குச் சில மெகாபிட்டே போதும்.

அலை எட்டாத அறைக்கு எக்ஸ்டெண்டர் வாங்கினால் அதை அந்த அறையில் வைக்காதீர்கள். றூட்டருக்கும் அறைக்கும் நடுவில் வையுங்கள். தானே அலையைப் பிடிக்க முடியாத பெட்டி எதைக் கடத்தும்?

கடைசியாகப் பாதுகாப்பு. றூட்டருக்குக் கடவுச்சொற்கள் இரண்டு. ஒன்று வைஃபைக்கு. மற்றது பெட்டியின் அமைப்புகளைத் திறக்க. பெட்டியோடு வந்த இரண்டாவதையும் மாற்றிவிடுங்கள். பூட்டு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும். பழைய டபிள்யூஈபி 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. வாடகைக்கு இருப்போருக்கும் விருந்தினருக்கும் "கெஸ்ற்" வலையமைப்பைத் திறந்து கொடுங்கள். அப்போது உங்கள் கணினிகள் தனியாக இருக்கும்.

"உங்கள் றூட்டரில் வைரஸ், கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பற்றுச்சீட்டிலுள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை நிறுவனத்தோடு நீங்களே கதைக்கலாம்.