மின்சாரக் கண்மாய்



நம் புதுக்கோட்டை கண்மாய்கள் நிறைந்த மாவட்டம். முற்காலத்தில் கண்மாயைப் பேணக் குடிமராமத்து என்றொரு முறை இருந்தது. அவரவர் நிலத்துக்குத் தக்கபடி கரையடைக்க ஆள் அனுப்ப வேண்டும். நீரில் பங்கு உண்டென்றால் உழைப்பிலும் பங்கு உண்டு என்பதே அதன் நியாயம். அந்த நியாயம் இன்று மின்சாரத்துக்கும் வேண்டியிருக்கிறது.

நீங்கள் கைப்பேசியிலிருந்து இணையத்தில் சேமிக்கும் படம் வானத்தில் மிதப்பதில்லை. தரவு மையம் என்னும் கட்டடத்திலுள்ள கணிப்பொறிகளில் சென்று தங்குகிறது. நம் மாநிலத்தில் சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. இவற்றை வரவேற்கத் தமிழ்நாடு அரசு 2021-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அக்கணிப்பொறிகள் இரவு பகலாக இயங்கும், இயங்கினால் சூடேறும், சூட்டைத் தணிக்கவும் மின்சாரம் வேண்டும். 2024-இல் உலகத் தரவு மையங்கள் செலவிட்டது சுமார் 41,500 கோடி யூனிட் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது.

உலக மொத்தத்தில் இது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே. ஆயினும், இவை சில இடங்களிலே குவிவதால்தான் சங்கடம். அயர்லாந்தில் 2023-இல் நூற்றுக்கு 21 பங்கு மின்சாரம் இவற்றுக்கே சென்றது. நகர வீடுகள் அனைத்தும் சேர்ந்து பெற்றது 18 பங்குதான்.

பெரிய மையம் வந்தால் புதிய துணைமின் நிலையமும் கம்பித் தொடரும் வேண்டும். அச்செலவை எல்லோர் கட்டணத்திலும் ஏற்றினால், ஏழை வீட்டு விளக்கும் அதில் பங்கு சுமக்கும். கேட்ட மின்சாரத்தை அந்நிறுவனம் வாங்காமற் போனாலோ, சுமை இன்னும் கூடும். இதைத் தடுக்க, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆணையம் ஒரு பெரிய மின் நிறுவனத்தின் எல்லைக்குள் 2025-இல் ஒரு விதி செய்தது. புதிய பெரிய மையங்கள், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், தாம் கேட்ட அளவில் நூற்றுக்கு 85 பங்குக்கேனும் பணம் கட்ட வேண்டும். இது குடிமராமத்து நியாயமே அன்றோ?

மின்சாரத்தின் அருமை நமக்குப் புதிதன்று. 2018 நவம்பரில் கஜா புயல் கம்பங்களைச் சாய்த்தபோது, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் இருந்தும் மேலேற்ற வழியில்லை. மின்சாரம் என்பது குடிநீரும் பயிரும் என்று அன்று கண்டோம்.

தரவு மையங்கள் வேண்டா என்று நான் சொல்லவில்லை. உங்களில் சிலர் நாளை அங்கே பணிபுரியக்கூடும். வரட்டும், தம் பங்குக் கரையைத் தாமே அடைக்கட்டும். அவசரமில்லாத கணக்கு வேலைகளை வெயிலும் காற்றும் மிகுந்த வேளைக்கு ஒதுக்கட்டும்.

நம் மாநிலத்தில் மின்கட்டணத்தை விதிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணத்தை மாற்றுமுன் அது பொதுமக்கள் கருத்தைக் கேட்பதுண்டு. அவ்வேளையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “புதிய மடை யாருக்கு? கரை அடைப்பவர் யார்?”