தூக்கம் போனால் மனமும் போகும்!

நடுவர் அவர்களே! 'கவலை வந்தா தூக்கம் போகும்'னு எதிரணி அம்மா சொல்லிட்டுப் போனாங்க. ஒத்துக்கிறேன். ஆனா அது பாதிக் கதை!

கல்யாண வீட்டில் ஒரு ராத்திரி முழிச்சால் அது நோயல்ல. வாரத்துக்கு 3 ராத்திரி வீதம் 3 மாதம் தூக்கமில்லையா? அதுதான் நாள்பட்ட தூக்கமின்மை. மனச்சோர்வே இல்லாதவருக்கும் இதனால் பின்னாளில் அது வரும் வாய்ப்பு, நன்றாகத் தூங்குகிறவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்கிறது 2011-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு.

வீட்டிலே அம்மா, 'தூக்கமே வரலைடா'ங்கிறா. 'வயசாச்சு, அப்படித்தான்'னு சொல்லிட்டு நாம குறட்டை விடுறோம்! (சிரிப்பு) அவள் இருட்டில் தனியே உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரை மட்டுமே வைத்தியமல்ல. தூங்கும் பழக்கத்தைத் திருத்தும் பயிற்சியும் உண்டு. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள், மனம் பிழைக்கும். (கைதட்டல்)