கான்சாகிப் கேட்ட குத்தகை



பட்டமளிப்பு விழாவில் வேலை தேடுவதைப் பற்றிப் பேசுவது வழக்கம். வேலை கிடைத்து நாலைந்து வருஷம் கழித்து உங்களுக்கு வரப்போகும் ஒரு நாளைப் பற்றி நான் பேசுகிறேன். வடபழஞ்சியில் ஒரு ஐ.டி. கம்பெனியோ, வங்கிக் கிளையோ, கலெக்டர் ஆபீசில் ஒரு செக்‌ஷனோ, எங்கே இருந்தாலும் ஒருநாள் ‘புரமோஷன் லிஸ்ட்டில் உன் பேர் இருக்கு’ என்று சேதி வரும். கூடவே இன்னொன்றும் வரும். அந்த நாற்காலிக்கு மேலே இருப்பவர் யாரோடும் ஒத்துப்போகாத ஆள். வீட்டில் கேட்டால் வந்த சீதேவியை விடாதே என்பார்கள். கேன்டீனில் கேட்டால் அந்த ஆளிடம் போய் மாட்டிக்கொள்ளாதே என்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் சம்பளத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள், கேன்டீனில் இருப்பவர்கள் ஆளின் குணத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். பதவி எப்படிப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

அதைப் பார்க்காமல் போனவர் ஒருவர் நம் மதுரையிலேயே இருந்தார். சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. கான்சா மேட்டுத் தெரு அவர் பெயரில்தான் இருக்கிறது. கான்சாகிப் என்கிற முகமது யூசுப் கான். மருதநாயகம் என்றால் உங்களுக்கு உடனே தெரியும். 1997-இல் எலிசபெத் ராணி வந்து தொடங்கிவைத்தும் இன்னும் முடியாத அந்தப் படத்தின் நாயகன். படம் முடியவில்லை என்பதற்காக வருத்தப்பட வேண்டாம், அவருடைய கதையைச் சொல்ல கடிதங்களும் கம்பெனி தஸ்தாவேஜுகளும் ஏராளமாக இருக்கின்றன. எஸ்.சி. ஹில் என்ற ஆங்கிலேயர் 1914-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். நம் மக்கள் ‘கான்சாகிபு சண்டை’ என்று கதைப்பாடலாகவே பாடினார்கள்.

ராமநாதபுரம் பக்கம் பனையூரில் பிறந்தவர் என்று சொல்வார்கள். சிப்பாயாகத் தொடங்கி, திருச்சி முற்றுகையின்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் தானிய வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துப் பேர் வாங்கினார். மேஜர் லாரன்ஸ் பரிந்துரைத்தார். கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆனார், தங்கப் பதக்கமும் கிடைத்தது. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே நின்று லாலியின் படைக்குப் போகும் பொருள்களை மறித்துக்கொண்டே இருந்தவர்களில் இவர் முக்கியமானவர். அதுவரை அவருக்கு எஜமான் ஒருவர்தான். சம்பளம் கொடுப்பது கம்பெனி, உத்தரவு போடுவது கம்பெனி, பாராட்டுவதும் கம்பெனி.

1759-இல் அடுத்த படி வந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரிவசூலை ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய்க்குக் கம்பெனி அவருக்குக் குத்தகைக்கு விட்டது. சீமையோ கம்பெனியுடையது இல்லை. ஆற்காட்டு நவாப் முகமது அலியுடையது. நவாப் இதை விரும்பவும் இல்லை. ஆனால் போர்ச் செலவுக்குக் கம்பெனியிடம் கடன்பட்டு நின்ற நவாபால் அப்போதைக்கு வாயைத் திறக்க முடியவில்லை. ஆக, தூக்கிவிட்டது ஒருவர், யாருடைய நிலத்தில் உட்காரவைத்தாரோ அவர் இன்னொருவர். பதவி உயர்வு வந்தால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கான்சாகிப் வேலையில் குறை வைக்கவில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்ச்சேர வேண்டிய நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார். குளங்களையும் கால்வாய்களையும் பழுதுபார்த்தார். பாளையக்காரர்களை ஒடுக்கினார். புலித்தேவரின் நெற்கட்டும்செவலைப் பிடித்தவரும் இவர்தான், அதை நம்மால் மறக்க முடியாது. பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பணம் போகப் போக நவாபுக்குப் பயமும் வளர்ந்தது. 1761-இல் கான்சாகிப், ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன், இன்னும் 4 வருஷத்துக்குக் குத்தகை கொடுங்கள் என்று கேட்டார். அதிகமாகத் தர முன்வந்தால் மேலே இருப்பவர் மகிழ்வார் என்று நாம் நினைப்போம். அந்த மேலே இருப்பவர் உங்களால் பயந்துபோனவர் என்றால், நீங்கள் காட்டுகிற ஒவ்வொரு கூடுதல் திறமையையும் அவர் உங்கள் கணக்கில் குற்றமாகத்தான் எழுதுவார். கோரிக்கை மறுக்கப்பட்டது. நவாப், இந்த ஆள் என் வேலைக்காரன் என்றார். கம்பெனி, ஆமாம் என்று ஒத்துக்கொண்டது.

தூக்கிவிட்ட கை எப்போது தளரும் என்பதை உள்ளூரில் இருந்துகொண்டு கணிக்க முடியாது. 1763 பிப்ரவரியில் பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில் ஒரு ஷரத்து முகமது அலியைக் கர்நாடகத்தின் நவாபாக ஏற்றது. மதுரையில் இருந்த ஒரு கமாண்டன்டுக்கும் பாரிசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு கண்டத்தில் இருந்தால் இந்தச் சம்பந்தம் உங்களுக்குச் சீக்கிரமே புரியும்.

அந்த வருஷமே கான்சாகிப் கம்பெனியை எதிர்த்துப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். கம்பெனிப் படை வந்து வளைத்தது, மழைக்காலம் வந்ததும் பின்வாங்கியது. 1764-இல் மேஜர் கேம்பெல் தலைமையில் திரும்ப வந்தது. இன்று நாம் பஸ்சுக்கு நிற்கிற வெளி வீதிகளின் ஓரத்தில்தான் அந்தக் கோட்டைச் சுவர். ஜூனில் நேரடியாக ஏற முயன்று தோற்றார்கள். பிறகு வழியை அடைத்து உட்கார்ந்தார்கள். அக்டோபர் 13-ஆம் தேதி, அவருடைய சொந்த ஆட்களே, திவான் ஸ்ரீனிவாசராவும் மார்ச்சான்ட் என்ற பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தார்கள். 15-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். மார்ச்சான்டைக் கான்சாகிப் ஒரு வாக்குவாதத்தில் சாட்டையால் அடித்திருந்தார் என்கிறார்கள்.

இந்தச் சாட்டையடியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கடுமையான மேலதிகாரியின் கீழே பல வருஷம் வேலை பார்த்தவர்கள் ரொம்ப நல்ல மேலதிகாரி ஆவார்கள் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. நான் பார்த்த ஆபீஸ்களில் பெரும்பாலும் நேர்மாறு. திட்டு வாங்கியவர் திட்டக் கற்றுக்கொள்கிறார். புரமோஷன் வாங்கலாமா என்று யோசிக்கும்போது ‘அந்த ஆள் என்னை என்ன செய்வார்’ என்று மட்டும் கேட்கிறோம். ‘அங்கே போனபின் எனக்குக் கீழே இருக்கும் இரண்டு பையன்களிடம் நான் எப்படி நடந்துகொள்வேன்’ என்றும் கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால், வேண்டாம் என்று சொல்ல அது ஒரு நல்ல காரணம்.

ஒத்துப்போகாத மேலதிகாரிகளிலும் தரம் உண்டு. கத்துகிறவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவருடைய கோபம் நாலு மணி டீக்குள் ஆறிவிடும். ஃபைலை எட்டுத் தடவை திருப்பி அனுப்புகிறவரிடம் இரண்டு வருஷம் இருந்தால் உங்கள் வரைவு எழுத்து சுத்தமாகும். சொல்லிக்கொடுத்ததற்குச் சம்பளம் கேட்காத வாத்தியார் அவர். பயப்பட வேண்டியது மெதுவாகப் பேசுகிற ஒருவரைப் பற்றி. ‘நீங்க பொறுப்பு பார்த்துக்கங்க, ஆர்டர் பின்னால வரும்’ என்பார். ‘மேல கேட்டாச்சு, செஞ்சிடுங்க’ என்பார். எதையும் எழுத்தில் தரமாட்டார். வேலை நன்றாக நடந்தால் அவர் பெயரில், தணிக்கைக்காரர் கேள்வி கேட்டால் உங்கள் பெயரில். ‘பொறுப்பு’ என்ற சொல்லை நம் ஊர் அலுவலகங்களில் எவ்வளவு பேர் எத்தனை வருஷம் சுமக்கிறார்கள் என்பதை இங்கே இருக்கும் பெற்றோர்களிடம் கேட்டாலே போதும்.

அதனால் பதவி வரும்போது அந்த மேலதிகாரியிடம் முன்பு இருந்து வெளியே வந்தவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். இப்போது கீழே இருப்பவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், பாவம், சொல்லவும் முடியாது. அவரிடமிருந்து யாராவது மேலே போயிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாரும் பக்கவாட்டில் மாற்றலாகி ஓடியிருந்தால் பதில் கிடைத்துவிட்டது. நேர்காணலில் ‘சம்பள உத்தரவில் யார் கையெழுத்துப் போடுவார், லீவுக்கு யார் கையெழுத்துப் போடுவார்’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரண்டும் இரண்டு பேராக இருந்தால் கான்சாகிபை நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதையும் எழுத்தில் கொடுங்கள். அரசு வேலையில் பதவி உயர்வை இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க முறையான வழி இருக்கிறது. அதனால் சீனியாரிட்டியில் என்ன இழப்பு என்று விதியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வீட்டுக் கடன், அப்பாவின் உடம்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று காரணம் தேட வேண்டியதில்லை, ‘இந்த அமைப்பில் எனக்கு விருப்பமில்லை’ என்பதே போதுமான காரணம்.

போகிறேன் என்று முடிவெடுத்தால் நான் தடுக்கமாட்டேன். ஒத்துப்போகாதவரிடம் போய் நின்று, எழுத்தில் வாங்கி, வேலையை முடித்து, மரியாதையோடு வெளியே வந்தவர்களும் உண்டு. 1761-இல் கான்சாகிப் இன்னும் கம்பெனியின் கமாண்டன்ட்தான். 7 லட்சம் கேட்காமல் பழைய வேலைக்கே திரும்பியிருக்கலாம் என்று இங்கே நின்று சொல்வது எனக்குச் சுலபம். 5 லட்சக் குத்தகையில் இரண்டு வருஷம் இந்த ஊரையே ஆண்டு பார்த்த ஒரு மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நாற்பது வயதில் புரியும்.

கல்லூரி முதல்வர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெயர் வாசிக்க நிறையப் பேர் இருக்கிறீர்கள். வாழ்த்துகள்.