தலைமேல் விளக்கு

கார்த்திகை ஞாயிறுகளில் காஞ்சி கச்சபேசுவரர் ஆலயத்திற்குச் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். தலைநோய் தீர வேண்டி, மண்சட்டியில் மாவிளக்கேற்றித் தலைமேல் தாங்கி மக்கள் வலம் வருவர். எவரும் நாணுவதில்லை. தலைவலியை ஊரறியச் சுமக்கும் நாம், மனநோயை மட்டும் உள்ளறையில் பூட்டிவைப்பது ஏனோ? பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்னும் அச்சமே பெரிதும் காரணம்.

அவ்வச்சம் எங்கே கொண்டுவிடும்? 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாது போக, 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை விலக்கியுள்ளது. ஆயினும் வீட்டுத் தாழ்ப்பாள் சட்டத்தின் கண்ணில் எளிதில் படுவதில்லை.

1961 முதல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் சாரதா மேனன், 1984-இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்தோடு தொழிற்பயிற்சியும் அங்கே மருத்துவத்தின் பகுதியே. நம் நெசவாளர் இதை எளிதில் உணர்வர். கோர்வைச் சேலையைத் தனியொருவர் நெய்தல் அரிது. கரைக்கு நாடா எறிய மற்றொரு கை வேண்டும். தேறிவருபவர் முதலில் தார் சுற்றட்டும். கை பழகியபின் தறிக்கு வரட்டும். ஒருநாள் வேலை தவறினால் கடியாதீர்கள். மருந்து தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று விளக்கேந்தியவரைத் திங்களன்று அரசு மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள், பகலிலேயே, தெருவழியே.