கூத்துக்களத்தில் படைவரிசை

பழம்போரைப் படையணி வகுத்து மீண்டும் நடத்திக் காட்டும் வழக்கம் மேனாட்டார்க்கே உரியதன்று. மண்ணாடிப்பட்டு கொம்யூனில் திருக்கனூரைச் சூழ்ந்த சிற்றூர்களும், அப்பால் செஞ்சிப் பகுதியும் அதைத் திரௌபதியம்மன் திருவிழாவாக அறியும். பகலில் வில்லிபாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, பதினெட்டாம் போருக்குப் படுகளம்.

இப்படையில் பதவியை அணிகலனே சொல்லிவிடும். அரசர்க்கும் பெருவீரர்க்கும் மரத்திற் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடம், புயக்கட்டை, மார்ப்பதக்கம். அதனாலேயே அவை கட்டை வேடங்கள் எனப்பட்டன. வேந்தன் திரைக்குப் பின் நின்று தன் வரவைப் பாடிய பிறகே வெளிப்படுவான்.

குழுவின் வரிசையோ வேறு. அங்கே தலைமை வாத்தியாருடையது. துரியோதனனே ஆனாலும் மிருதங்கத்துக்கும் தாளத்துக்கும் அடங்கியே அடிவைக்க வேண்டும். மூச்சு வாங்கும்போது பின்பாட்டுக்காரரே அவன் மானத்தைக் காப்பவர்.

கட்டியங்காரனை மறக்கலாகாது. படையில் அவன் வெறும் வாயிற்காவலன். ஆயினும் முடிமன்னனை மறித்து, "நீர் யார்? எந்த ஊர்?" என்று கேட்கும் உரிமை அவனுக்கே உண்டு. கூத்தறிந்தவர் இவ்வேடத்தைக் கற்றுக்குட்டியிடம் கொடுப்பதில்லை. அரசரைப் புகழ்ந்தே பரிசில் பெற்ற புலவர் மரபில் வந்தோர், அந்தக் காவலனுக்குப் பக்கத்தில் சற்று நின்று பார்க்கலாம்.

படுகளத்தன்று மண்ணால் சமைத்த துரியோதனன் தரையில் நெடிது கிடப்பான். வேடம் பூண்ட துரியோதனன் அவ்வுருவின்மேல் நின்றே வீமனோடு பொருவான். தொடை பிளந்ததும் பாஞ்சாலி கூந்தலை முடிக்கிறாள். பின்னர் தீமிதி.