றொக் இசையும் அதன் சாட்சிப் படங்களும்



இசையை மதிப்பவர் நம்மிடையே பலர். ஆயினும் றொக் இசை என்றதும் முகஞ்சுளிப்பவரும் அவர்களுள் உளர். மின்கித்தாரின் ஓலத்தையும் முரசின் முழக்கத்தையும் தவிர அதில் வேறென்ன உண்டு என்று அவர்கள் வினவுவர். அவ்விசைக்காக வழக்காட நான் இன்று வரவில்லை. அவ்விசையையும் அதனைப் பாடியோரையும் பற்றி எடுக்கப்பட்டு, இன்று இணையத்தின் வழியே வீட்டிலிருந்தபடியே பார்க்கக்கூடிய விவரணப்படங்கள் சிலவற்றை உங்களுக்குப் பரிந்துரைப்பதே என் நோக்கம். றொக் இசையில் நாட்டமில்லாதவரும் இவற்றைப் பார்த்துப் பயன்பெறலாம். ஒரு காலத்து மக்கள் எதனை விரும்பினர், எதற்கு அஞ்சினர், எவ்வாறு ஒருவரோடொருவர் பழகினர் என்பதற்கு இப்படங்கள் சாட்சிகளாக நிற்கின்றன.

சாட்சி என்னும் சொல்லை நான் கருதியே ஆள்கின்றேன். நீதிமன்றத்தில் சாட்சி கூறுபவர் தாம் கண்டதைக் கூறுகின்றார். ஆயினும் அவர் எங்கே நின்று கண்டார், கண்டவற்றுள் எதைக் கூறாது விடுத்தார், வழக்காளிகளுள் எவருக்கு வேண்டியவர் என்பனவற்றை ஆராய்ந்த பின்னரே நீதிபதி அச்சாட்சியத்தை ஏற்பார். விவரணப்படத்தையும் நாம் அவ்வாறே ஏற்றல் வேண்டும். நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் நாள்தோறும் காணும் அசையும் படங்களுக்கு அளவில்லை. கண்ணாற் கண்டதெல்லாம் மெய்யென நம்பிவிடும் மனமும், எதையுமே நம்பாது எள்ளி நகையாடும் மனமும் ஒருங்கே அவர்களிடம் வளர்வதை ஆசிரியராகிய நாங்கள் காண்கின்றோம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தேர்ந்து தெளியும் பழக்கத்தை ஊட்டுதற்கு இப்படங்கள் நல்ல கருவிகளாகும்.

முதலில் இவ்வகைப் படம் தோன்றிய விதத்தைச் சிறிது நோக்குவோம். ஓசையுடன் படம்பிடிக்கும் கமராக்கள் முன்னாளில் பெரும்பாரமுடையனவாய் இருந்தன. அவற்றைத் தாங்கிகளின் மேல் நிறுத்தி, விளக்குகளை அமைத்து, மனிதரை அவற்றின் முன்னே கொணர்ந்து நிறுத்தவேண்டியிருந்தது. 1960ஆம் ஆண்டை அடுத்துத் தோளிற் சுமக்கத்தக்க கமராவும், அதனோடு இசைந்தியங்கும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் வழக்கிற்கு வந்தன. அதன்பின் கமராவே மனிதரைத் தொடர்ந்து செல்லத் தொடங்கிற்று. 1965இல் பொப் டிலன் என்னும் அமெரிக்கப் பாடகர் இங்கிலாந்திற் சுற்றுப்பயணம் செய்தபோது, டி. ஏ. பெனிபேக்கர் அவ்வாறே அவரைத் தொடர்ந்தார். அதன் பயனாக 1967இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படமே ‘டோன்ற் லுக் பாக்’ என்பது. அதில் விளக்கவுரை கூறும் குரல் இல்லை. விடுதி அறையிலும் மேடைக்குப் பின்னாலும் நிகழ்ந்தவை அப்படியே காட்டப்படுகின்றன. டிலனின் திறமையோடு அவருடைய செருக்கும் சிடுசிடுப்பும் கூட அதில் மறைக்கப்படவில்லை. பின்வந்த படங்கள் பலவற்றுக்கு இதுவே வழிகாட்டி.

அடுத்து நான் கூறவிரும்புவன, ஒரே கோடைகாலத்திற் பதிவான இரண்டு விழாக்களைப் பற்றிய படங்கள். 1969 ஆகஸ்ட் 15ஆம் நாள் முதல் 18ஆம் நாள் வரை, நியூயோர்க் மாநிலத்தின் பெதல் என்னும் ஊரில், மக்ஸ் யாஸ்கர் என்பவரது பாற்பண்ணை நிலத்தில் வூட்ஸ்ரொக் விழா நிகழ்ந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே திரண்டனர் என்பர். மைக்கல் வாட்லி இயக்கிய ‘வூட்ஸ்ரொக்’ படம் 1970இல் வெளிவந்து, சிறந்த விவரணப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. மூன்று மணிநேரத்துக்கு மேல் நீளும் அப்படத்தைத் தொகுத்தவர்களுள் அந்நாளில் இளைஞராயிருந்த மார்ட்டின் ஸ்கோர்செசியும் ஒருவர். திரையை இரண்டு மூன்று கூறுகளாகப் பிரித்து, பாடுவோரையும் கேட்போரையும் ஒருங்கே காட்டும் முறை அதிற் கையாளப்பட்டுள்ளது. மழையில் நனைந்து சேற்றிற் புரளும் இளைஞரையும், அவர்களுக்கு உணவளிக்கும் ஊரவரையும் காண்கின்றோம். இறுதிநாட் காலையில் ஜிமி ஹென்ட்றிக்ஸ் தம் கித்தாரில் அமெரிக்க நாட்டுப்பண்ணை இசைக்கின்றார். வியற்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அந்தக் கித்தாரிலிருந்து எழும் அலறல் எதனைச் சுட்டுகின்றது என்பதைக் கேட்பவரே உணர்ந்துகொள்ளலாம்.

அதே கோடையில், நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிலுள்ள பூங்கா ஒன்றில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றொரு விழா நடைபெற்றது. ஸ்ரீவி வொண்டர், நீனா சிமோன், பி. பி. கிங், மஹாலியா ஜக்சன் முதலிய பெருங்கலைஞர் அங்கே பாடினர். வூட்ஸ்ரொக்கில் பாடிய ஸ்லை ஸ்ரோன் குழுவினர் இங்கும் பாடினர். கேட்டவர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். ஹல் ரல்சின் என்பவர் ஏறத்தாழ நாற்பது மணிநேர நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து வைத்தார். அவ்வாண்டிலேயே சில பகுதிகள் தொலைக்காட்சியிற் காட்டப்பட்டன. ஆயினும் முழுப் படமாக்குவதற்கு எவரும் முன்வராமையால் அப்பதிவுகள் அரை நூற்றாண்டு காலம் கிடப்பிற் கிடந்தன. குவெஸ்ற்லவ் எனப் பெயர் வழங்கும் இசைக்கலைஞர் அவற்றைக் கொண்டு உருவாக்கிய ‘சமர் ஒவ் சோல்’ 2021இல் வெளிவந்து, மறு ஆண்டில் ஒஸ்கார் விருது பெற்றது.

அதில் இரண்டு காட்சிகளைக் கவனியுங்கள். 1969 ஜூலை 20ஆம் நாள் மனிதன் சந்திரனில் இறங்கியபோது, ஹார்லத்திற் கூடியிருந்தோரிடம் அதுபற்றிக் கருத்துக் கேட்கின்றனர். அப்பணத்தை ஏழைகளின் பசிதீர்க்கச் செலவிட்டிருக்கலாம் என்று சிலர் விடையிறுக்கின்றனர். உலகமே ஒரே குரலில் ஆரவாரித்ததாக நாம் கருதியிருந்த நாளில் இப்படியும் ஒரு குரல் ஒலித்திருக்கின்றது. மற்றொரு காட்சியில், சிறுவயதில் அவ்விழாவுக்குச் சென்ற ஒருவர் ஐம்பது ஆண்டுகளின் பின் அப்பதிவைப் பார்த்துக் கண்ணீர் சிந்துகின்றார். தம் நினைவு பொய்யன்று என்பது அவருக்கு அன்றுதான் உறுதிப்படுகின்றது. வூட்ஸ்ரொக் உடனே படமாயிற்று. உலகம் அதை நினைவிற் கொண்டது. ஹார்லம் பெட்டிக்குள் இருந்தது. உலகம் அதை மறந்தது. எது வரலாறாகின்றது என்பதைப் படச்சுருளைத் திறப்பவரும் பூட்டுபவரும் கூடத் தீர்மானிக்கின்றனர். ஆதலின் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

வூட்ஸ்ரொக் விழா முடிந்து நான்கு மாதம் நிறைவதற்குள், 1969 டிசம்பர் 6ஆம் நாள், கலிபோர்ணியாவின் அல்ரமொண்ட் ஓட்டப்பந்தயத் திடலில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் இலவசக் கச்சேரியொன்றை நடத்தினர். மேடையைச் சூழ்ந்து காவல் நின்றவர்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்னும் மோட்டார்ச் சைக்கிட் கூட்டத்தினர். கைகலப்பு முற்றியது. கைத்துப்பாக்கியை எடுத்த மெரடித் ஹண்டர் என்னும் பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞர், மேடைக்கு அண்மையிற் கத்தியாற் குத்தப்பட்டு இறந்தார். மேசில்ஸ் சகோதரரும் சாலட் ஸ்வெரினும் எடுத்த ‘கிம்மி ஷெல்ரர்’ என்ற படத்தில் அந்த நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பின்னர் நடந்த கொலை வழக்கில் அப்படப்பதிவு சான்றாகக் காட்டப்பட்டது. குத்தியவர் தற்காப்புக்காகச் செய்தார் என்று கூறி யூரிமார் அவரை விடுதலை செய்தனர். இங்கே சாட்சி என்பது வெறும் உவமையாக நில்லாது உண்மையே ஆகிவிடுகின்றது.

இப்படத்தின் சிறப்பு யாதெனின், பாடகர் மிக் ஜகர் தொகுப்பு மேசையருகே அமர்ந்து அந்தக் காட்சியைப் பார்ப்பதையும் அது காட்டுவதேயாகும். காட்சி மெதுவாக மீண்டும் ஓட்டப்படுகின்றது. அவர் அதிகம் பேசவில்லை. அவர் முகத்திலிருந்து நாம் அறிவது துயரமா, அதிர்ச்சியா, அன்றி வேறெதுவுமா என்பது நம் ஆராய்ச்சிக்கே விடப்படுகின்றது. ஓர் இளைஞரின் சாவைப் படமாக்கிக் காட்டுதல் தகுமா என்று அக்காலத் திறனாய்வாளர் சிலர் கடுமையாகக் கேட்டனர். கையிலுள்ள கருவியால் எவரும் எதையும் படம்பிடிக்கும் இக்காலத்தில் அக்கேள்வி இன்னும் கூர்மை பெற்றிருக்கின்றது.

இனி, பீற்றில்ஸ் குழுவினர் பற்றிய இரண்டு படங்களுக்கு வருவோம். 1969 ஜனவரியில் அந்நால்வரும் புதிய பாடல்களைப் பயின்றதை மைக்கல் லின்ட்சே ஹொக் படம்பிடித்தார். அவர் ஆக்கிய ‘லெற் இற் பீ’ 1970 மே மாதம் வெளிவந்தது. குழு பிரிந்த செய்தி அதற்கு முந்திய மாதமே பரவியிருந்தமையால், பார்த்தவர்கள் அதனை ஒரு பிரிவின் துயரக்கதையாகவே கண்டனர். பல்லாண்டுகளாகக் காண்பதற்கு அரிதாயிருந்த அப்படம் செப்பனிடப்பெற்று, 2024 மே மாதம் இணையத்தில் மீண்டும் வெளிவந்தது.

அன்று எடுத்த படச்சுருள்களோ ஏறத்தாழ அறுபது மணிநேர அளவின. அவற்றையும் நூற்றைம்பது மணிநேரத்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளையும் ஆராய்ந்து, பீற்றர் ஜக்சன் என்ற நியூசிலாந்து இயக்குநர், ஏறத்தாழ எட்டு மணிநேரம் ஓடும் ‘கெற் பாக்’ என்ற படத்தை 2021 நவம்பரில் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். அதே அறை, அதே நால்வர், அதே நாட்கள். ஆயினும் இங்கே சிரிப்பும் நட்பும் மிகுந்து தோன்றுகின்றன. ஒரு காலையில் ஜோன் லெனன் வரத் தாமதிக்க, போல் மக்கார்ட்னி கித்தாரை மீட்டி ஏதோ முணுமுணுக்கின்றார். ஜோர்ஜ் ஹரிசன் கொட்டாவி விடுகின்றார். சில நிமிடங்களில் அந்த முணுமுணுப்பிலிருந்து, பின்னர் உலகெங்கும் புகழ்பெற்ற பாட்டொன்று உருப்பெறுகின்றது. படைப்பு என்பது பொறுமையும் விளையாட்டும் கலந்த உழைப்பே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் காட்சியை நான் அறியேன்.

இதில் வியப்பொன்று உண்டு. ஹரிசன் சில நாட்கள் குழுவை விட்டு விலகிச் சென்ற செய்தி துயரமான முதற்படத்தில் இல்லை. மகிழ்ச்சி மிகுந்த பிந்திய படத்திலேயே அது சொல்லப்படுகின்றது. எனவே முதற்படம் பொய், பின்னது மெய் என்றோ, மறுதலையாகவோ தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. பின்னைய படம் எஞ்சிய இருவரதும் மறைந்தோர் குடும்பத்தினரதும் ஒத்துழைப்புடன் ஆக்கப்பட்டது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும்.

விடுதல் என்பதற்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு, 2012இல் வெளிவந்து ஒஸ்கார் பெற்ற ‘சேர்ச்சிங் போர் சுகர் மான்’ ஆகும். டிட்ரொயிட் நகரத்து றொட்ரிகெஸ் என்பவரின் இரண்டு இசைத்தட்டுகளும் 1970, 1971ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் விலைபோகவில்லை. அவர் கட்டட வேலை செய்து பிழைத்தார். தென்னாபிரிக்காவிலோ அவர் பாடல்கள் வீடுதோறும் ஒலித்தன. அவர் இறந்துவிட்டார் என்றும் அங்கே நம்பினர். 1998இல் அவர் அந்நாட்டு மேடையில் தோன்றினார். உள்ளத்தை உருக்கும் கதை இது. ஆயினும் 1979இலும் 1981இலும் அவர் அவுஸ்திரேலியாவிற் கச்சேரி செய்திருந்தார் என்பதைப் படம் கூறாது விடுகின்றது. அதைக் கூறியிருந்தால் கதையின் வியப்புச் சற்றே குறைந்திருக்கும். அம்மனிதரின் எளிமைக்கோ அதனால் ஒரு குறைவும் நேர்ந்திராது.

இளைஞருக்கென்று நான் தனியே பரிந்துரைப்பது ‘அன்வில்’ என்னும் 2008ஆம் ஆண்டுப் படம். கனடா நாட்டு நண்பர் இருவர் பதின்ம வயதிலே தொடங்கிய குழு அது. 1984இல் ஜப்பானில் அவர்களோடு ஒரே விழாவிற் பாடிய குழுக்கள் உலகப்புகழ் எய்தின; இவர்கள் எய்தவில்லை. ஒருவர் பாடசாலைகளுக்கு உணவு கொண்டுசெல்லும் வேலை பார்க்கின்றார். சகோதரி கடனாகக் கொடுத்த பணத்திற் பதின்மூன்றாவது இசைத்தொகுப்பை வெளியிடுகின்றனர். இயக்குநர் இளமையில் அவர்களோடு உடன்சென்று பணிபுரிந்தவர்; ஆதலின் அவர் அன்புடைய சாட்சி. வெற்றியாளரை மட்டுமே நம் மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கூறி வருகின்றோம். வெற்றி வாராத போதும் தாம் விரும்பிய தொழிலையும் நண்பனையும் கைவிடாதிருப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதையும் அவர்கள் அறிதல் நன்று.

இறுதியாக, பார்க்கும் முறைபற்றிச் சில சொற்கள். இப்படங்களின் துண்டுகள் இணையத்தில் எங்கணும் சிதறிக் கிடக்கின்றன. அல்ரமொண்ட் கத்திக்குத்தை மட்டும் அரை நிமிடத்திற் பார்ப்பவருக்கு அது ஒரு பரபரப்பு. முழுப்படத்தையும் பார்ப்பவருக்கே அது ஒரு துயரம். ஆகவே முழுப்படத்தையும், உரிமையாளருக்குரிய கட்டணத்தைச் செலுத்தி நேர்மையான வழியிற் பாருங்கள். தவணை தவணையாகப் பார்ப்பதிலும் தவறில்லை. வூட்ஸ்ரொக் படத்தில் உடையற்ற மாந்தரும் போதைப்பொருள் நுகர்வும் காட்டப்படுகின்றன. கிம்மி ஷெல்ரரிற் கொலை உண்டு. பெற்றோர் தாம் முதலிற் பார்த்த பின்னர், வளர்ந்த பிள்ளைகளோடு கூடியிருந்து பார்ப்பதே தக்கது.

பார்த்து முடிந்தபின் பிள்ளைகளிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். கமரா யார் பக்கத்தில் நின்றது? யாருடைய குரல் கேட்கவில்லை? இதே செய்தியை மற்றொருவர் படமாக்கியிருந்தால் எங்கிருந்து தொடங்கியிருப்பார்? இவ்வினாக்களுக்கு விடைதேடப் பழகிய பிள்ளை, நாளை தன் கைத்தொலைபேசிக்கு வந்துசேரும் எந்தப் படத்தையும் உடனே நம்பிவிடாது. உடனே தள்ளிவிடவும் மாட்டாது.